கோயில் இடாப்பில் முன்னோரைத் தேடுதல்: யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சுவாமி, 1890 மட்டில பிறந்த அந்தோனிப்பிள்ளை. அவர்தான் என்ர பூட்டன். ஒருக்கா எடுத்துத் தாங்கோ." ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பங்குத்தந்தையிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். இடாப்பை, அதாவது கோயிலின் பதிவேட்டைத் திறந்தால் அந்த ஓராண்டில் மட்டும் நாலைந்து அந்தோனிப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருக்கும். வந்தவர் ஏதோ ஒரு பதிவைப் படம் பிடித்துக்கொண்டு போவார். அன்றிலிருந்து அந்தப் பிழையான அந்தோனிப்பிள்ளைதான் அந்தக் குடும்பத்துக்குப் பூட்டன்.

என் தாய்வழியைத் தேடிய காலத்தில் நானும் இதே பிழையைச் செய்து ஒரு வருடத்தை வீணாக்கினேன். அதன்பிறகு உறவினர் பலருடன் இடாப்புகளுக்கு முன்னால் இருந்திருக்கிறேன். பழைய கையெழுத்து விளங்காமல் திரும்பியவர்கள் சிலர்தான். வேலையின் வரிசை பிழைத்ததால் திரும்பியவர்களே அதிகம். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. முதல் வேலை வீட்டில்

யாழ்ப்பாணத்தில் நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பனின் பெயர். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். ஆகவே ஒரு பெயரை மட்டும் வைத்து இடாப்பில் யாரையும் அடையாளம் காண முடியாது. குறைந்தது நான்கு விவரங்கள் சேர்ந்தால்தான் ஒருவர் அகப்படுவார்: அவர் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர். துணையின் பெயரும் தெரிந்தால் இன்னும் நல்லது.

இவற்றை வீட்டில் இருக்கும் தாள்களிலிருந்து எடுங்கள். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், பழைய செபப்புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிய பிறந்த திகதிகள், 31ஆம் நாள் நினைவு மலர்கள், கலியாணப் படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் நினைவு மலர்களும் கோயில் விழா மலர்களும் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஊர்ப் பெயரைப் போட்டு அங்கும் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

எல்லோரும் மறந்துவிடும் ஒரு தாள் உண்டு. அது சீதன உறுதி, சீதனக் காணிக்கு எழுதிய பத்திரம். பெண்ணின் தாய் தகப்பன் பெயர், மாப்பிள்ளை பெயர், காணியின் பெயர் மூன்றும் அதில் இருக்கும். காணி கொடுத்தவருக்கு அது எப்படி வந்தது, முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்றும் எழுதியிருப்பார்கள். "என் தாயாருக்குச் சீதனமாகக் கிடைத்து" என்று ஒரு வரி இருந்தால் நீங்கள் இன்னொரு தலைமுறை மேலே போய்விட்டீர்கள்.

அப்புறம் பேச்சு. வீட்டில் மூத்த பெண்களிடம் கேளுங்கள். யார் யாரைக் கட்டினார், எந்த ஊரிலிருந்து வந்தார், ஞானத்தாய் ஞானத்தகப்பன் யார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். "கோயிலில் வைத்த பெயர் என்ன, வீட்டில் கூப்பிட்ட பெயர் என்ன" என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஊரெல்லாம் தம்பிமுத்து என்று கூப்பிட்டவர் இடாப்பில் கபிரியேலாக இருப்பார்.

ஒரு கொப்பியில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தாளில் கண்டதை நீல மையிலும் வாயால் கேட்டதைப் பென்சிலாலும் எழுதுங்கள். இரண்டும் கலந்தால் ஆறு மாதம் கழித்து எது உறுதி, எது ஊகம் என்று உங்களுக்கே தெரியாது.

2. எந்தச் சபை, எந்தப் பங்கு

கத்தோலிக்கர் என்றால் பங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கலாம். ஒரு குருவானவர் பல கோயில்களுக்குப் போய்ப் பூசை வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, திரும்பி வந்து தலைமைக் கோயிலின் இடாப்பில் எழுதினார். ஆகவே உங்கள் ஊர்க் கோயிலில் பழைய இடாப்பு இல்லை என்றால், "இந்தக் கோயில் முன்பு எந்தப் பங்கோடு இருந்தது?" என்பதுதான் அடுத்த கேள்வி. கோயிலின் நூற்றாண்டு மலரில் பெரும்பாலும் பதில் இருக்கும். ஊர்ப் பெயர் மாறியதையும் கவனியுங்கள். குருநகரைப் பழைய தாள்களில் கரையூர் என்றுதான் காண்பீர்கள்.

அமெரிக்க மிஷன் 1816இல் இங்கே வேலையைத் தொடங்கியது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய்ப் பக்கத்துக் குடும்பங்கள் அந்த மிஷன் வழி வந்தவர்களாக இருந்தால், இன்றைய தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக் கோயில்களில் கேளுங்கள். சுண்டிக்குளி, நல்லூர், கோப்பாய் என்றால் அங்கிலிக்கன் சபை. பருத்தித்துறை என்றால் மெதடிஸ்த சபையையும் மறக்கவேண்டாம்.

நீங்கள் சைவக் குடும்பம் என்றாலும் இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். 1658க்குப் பின் ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானமும் திருமணமும் கோயிற்பற்றுவாரியாகப் பள்ளிக்கூடத் தோம்புகள் என்ற பதிவேடுகளில் எழுதப்பட்டன. வேலைக்காகவும் வாரிசுரிமைக்காகவும் பலர் ஞானஸ்நானப் பெயர் வைத்துக்கொண்டார்கள். எஞ்சியிருக்கும் ஒல்லாந்தர் காலத் தாள்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஆனால் அவை ஒல்லாந்த மொழியில் இருப்பவை. 1800க்கு இந்தப் பக்கம் உங்கள் சங்கிலி உறுதியாகும் வரை அங்கே போகாதீர்கள். போய்ப் பெயர்ப் பொருத்தத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

3. அனுமதி கேட்பது

இடாப்பு பங்கின் உடைமை. அதைப் பார்ப்பது உங்கள் உரிமை என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதுங்கள். யாரைத் தேடுகிறீர்கள், அவர் உங்களுக்கு என்ன முறை, எந்தப் பத்தாண்டு, எந்த இடாப்பு என்று நான்கு வரி போதும். அப்படிக் கேட்டால் சரியான புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டே உங்களைக் கூப்பிடுவார்கள்.

ஞாயிறு காலையிலும் திருவிழாக் காலத்திலும் போகவேண்டாம். வார நாளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு நல்லது. படம் பிடிக்க அனுமதியைத் தனியாகக் கேளுங்கள். பார்க்க விட்டதால் படம் பிடிக்கவும் விட்டதாக ஆகாது. அண்மைக்கால இடாப்புகளைத் தர மறுத்தால் வாதாடாதீர்கள். அதில் உயிரோடு இருப்பவர்களின் தத்தெடுப்பு, தகப்பன் பெயர் இல்லாத பிறப்பு போன்றவை எழுதப்பட்டிருக்கும். அந்த மறுப்பு நியாயமானது.

4. இடாப்பு மேசைக்கு வந்ததும்

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். பழைய மை தாளை அரித்திருக்கும். கறையான் தின்ற ஓரம் தொட்டாலே உதிரும். பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து மெதுவாகப் புரட்டுங்கள். மேசையில் பேனை வேண்டாம், பென்சில் மட்டும் போதும்.

உங்கள் ஆளைத் தேடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இடாப்பைப் பழகுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, இடையில் ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றனவா, பின்பக்கத்தில் பெயரட்டவணை உண்டா என்று பாருங்கள். அட்டவணை இருந்தால் அது ஞானஸ்நானப் பெயரின் முதலெழுத்து வரிசையில்தான் பெரும்பாலும் இருக்கும். தகப்பன் பெயரில் தேடிவிட்டு "எங்கட ஆள் இல்லை" என்று மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அட்டவணையில் இல்லாவிட்டாலும் அந்த ஆண்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அட்டவணை போட்டவர் விட்டுவிட்ட பெயர்கள் உண்டு.

ஒரு பதிவைக் கண்டால் பெயரையும் திகதியையும் மட்டும் எடுக்காமல் முழுவதையும் பார்த்து எழுதுங்கள். இடாப்பின் பெயர், பக்கம், வரிசை எண், ஞானப் பெற்றோர், குருவானவர் பெயர், ஓரத்தில் கிறுக்கியிருப்பது எல்லாம் வேண்டும். இன்று பொருளில்லாமல் தெரியும் ஞானத்தாயின் பெயர், மூன்றாவது வருகையில் இரண்டு குடும்பங்களைப் பிரித்துக் காட்டும் ஒரே தடயமாக இருக்கும்.

5. திருமண இடாப்பில் தொடங்கி, தாய் வழியே போங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு. எல்லோரும் ஞானஸ்நான இடாப்பில் தொடங்குகிறார்கள். அதில் தாய் தகப்பன் பெயர் மட்டும் இருக்கும். திருமணப் பதிவில் பெண், மாப்பிள்ளை, இருவரின் பெற்றோர், ஊர், வயது, சாட்சிகள் என்று இரண்டு குடும்பங்கள் ஒரே இடத்தில் அகப்படும். ஆகவே தெரிந்த ஆளின் பெற்றோரது திருமணத்தை முதலில் தேடுங்கள். மூத்த பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி ஒன்று, இரண்டு, ஐந்து வருடம் என்று போங்கள்.

எந்தக் கோயிலில்? பெண்ணின் கோயிலில். 1908இல் நடைமுறைக்கு வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் பெண்ணின் பங்குக் குருவே திருமணத்தை நடத்துவதைப் பொதுவிதியாக்கியது. நம் வழக்கமும் அதையே சொல்கிறது. சீதன வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். பிள்ளைகளும் அந்த ஊரிலேயே பிறப்பார்கள்.

இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தகப்பன் வழியே மேலே போனால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஊர் மாறும், இடாப்பும் மாறும். தாய், தாயின் தாய், அவளின் தாய் என்று போனால் பல தலைமுறை அதே கோயிலில், சில வேளை அதே வளவில் இருப்பார்கள். நான் என் அப்பாவின் வழியில் இரண்டாம் தலைமுறையிலேயே நின்றுபோனேன். அம்மம்மாவின் வழியில் ஒரே அலுமாரியில் இருந்த மூன்று இடாப்புகளைக் கொண்டு ஆறு தலைமுறை போனேன். தாய் வழியை முதலில் முடியுங்கள். அதில் கிடைக்கும் மாப்பிள்ளைமாரின் ஊர்ப் பெயர்களே தகப்பன் வழிக்குக் கதவாகும்.

திருமணம் கிடைத்ததும் அந்தப் பெண்ணின் ஞானஸ்நானத்தைத் தேடுங்கள். அதிலிருந்து அவள் பெற்றோரின் திருமணம். மறுபடி ஞானஸ்நானம். ஒரு படியையும் தாண்டாதீர்கள்.

6. பெயர்கள் செய்யும் மாயம்

ஒரே புனிதரின் பெயர் தமிழில் ஒன்று, போர்த்துக்கேயர் வழியாக ஒன்று, இலத்தீனில் ஒன்று என்று மூன்று உருவில் வரும். ஞானஸ்நானம் கொடுத்த குரு இலத்தீனில் எழுதியிருப்பார். திருமணம் நடத்திய குரு தமிழ் வழக்கைக் கேட்டு எழுதியிருப்பார். ஆள் ஒருவரேதான்.

இராயப்பு, பேதுரு, பெத்ருஸ் மூன்றும் ஒன்று. சின்னப்பு, பாவிலு, பவுலுஸ் ஒன்று. அருளப்பு, யுவானி, யோவான்னெஸ் ஒன்று. சந்தியாகு, சந்தியாப்பிள்ளை, யாகப்பர் எல்லாம் இலத்தீனில் யாக்கோபுஸ். சூசை என்றால் யோசேப்பு. முடியப்பு என்றால் ஸ்தேவான். ஞானப்பிரகாசம் இலத்தீனில் அலோய்சியுஸ். இதை அறியாமல் நாள் முழுக்கத் தேடலாம். செபஸ்தியாம்பிள்ளை, பஸ்தியாம்பிள்ளை, வஸ்தியாம்பிள்ளை ஒரே பெயரின் தேய்வுகள். 'பிள்ளை', 'முத்து', 'அம்மா' போன்ற ஒட்டுகள் வரும், போகும். அவற்றை வைத்து ஆளைப் பிரிக்காதீர்கள்.

பிரெஞ்சுக் குருக்கள் காதில் விழுந்ததை அவர்கள் மொழி முறையில் எழுதினார்கள். நம் 'உ' ஓசைக்கு ஓ, யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வரும். ழகரம், லகரம், ளகரம் ஒன்றாகும். பெயரைக் கண்ணால் தேடாமல் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அப்போது சட்டென்று விளங்கும்.

மிஷன் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்களில் அது இன்றும் தெரிகிறது. உங்கள் மிஷன் வழி முன்னோரின் பெயரில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தால் அவர் பறங்கியர் என்று முடிவு கட்டாதீர்கள். வயது வந்தபின் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால், பதிவில் அவரது பழைய சைவப் பெயரும் தகப்பன் பெயரும் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரே இடாப்பில் சூசை மகன் மனுவேல், மனுவேல் மகன் சூசை, மறுபடி சூசை மகன் மனுவேல் என்று வரும். இதைவிட ஏமாற்றுவது இன்னொன்று. குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்கள். முதலில் கண்ட பதிவோடு நிறுத்தினால் ஒரு மாதத்தில் இறந்த குழந்தையைப் பூட்டனாக்கிவிடுவீர்கள். பதிவைக் கண்டபின் அடுத்த ஆறு வருட ஞானஸ்நானங்களையும் இறப்புகளையும் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்யவேண்டும்.

7. இலத்தீனும் திகதிகளும்

பயப்பட வேண்டாம். முழு இலத்தீன் தேவையில்லை. ஒரே வாக்கியம்தான் பக்கம் பக்கமாகத் திரும்ப வரும். 'பிலியுஸ்' மகன், 'பிலியா' மகள், 'நாத்துஸ்' பிறந்தவன், 'நாத்தா' பிறந்தவள், 'கொஞ்யுகும்' தம்பதியரின், 'பத்ரினுஸ்' ஞானத்தகப்பன், 'மத்ரீனா' ஞானத்தாய், 'விதுவா' கைம்பெண், 'ஓபியித்' இறந்தார், 'செபுல்துஸ்' அடக்கம் செய்யப்பட்டவர். இந்தப் பத்தும் போதும்.

கையெழுத்து விளங்காவிட்டால், தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஊர்ப் பெயரும் குருவின் கையொப்பமும் எல்லாப் பக்கத்திலும் இருக்கும். அவர் 'ச'வை எப்படி எழுதுகிறார், 'ம'வை எப்படி வளைக்கிறார் என்று அதிலிருந்து ஒரு சிறு அரிச்சுவடி எழுதிவைத்துக்கொண்டு மற்றதை வாசியுங்கள்.

மாதத்தில் ஒரு பொறி உண்டு. 7 என்ற இலக்கத்துக்குப் பின்னால் 'பிரிஸ்' என்று ஒரு வால் ஒட்டியிருந்தால் அது யூலை என்று நினைக்காதீர்கள், செப்டெம்பர். இலத்தீனில் 'செப்தெம்' என்றால் ஏழு. அப்படியே 8 ஒக்டோபர், 9 நவம்பர், 10 டிசெம்பர். தமிழில் எழுதிய இடாப்பில் 'ஐப்பசி 12' என்றிருந்தால் நம் வழக்கப்படி அது ஒக்டோபர் 12 ஆகத்தான் பெரும்பாலும் இருக்கும். பஞ்சாங்கக் கணக்குப் போட்டு மாதத்தைத் தள்ளிவிடாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள பதிவுகளின் திகதி வரிசையைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் வேறு. இரண்டையும் எழுதுங்கள்.

8. ஓரக்குறிப்பும் உறவு விலக்கும்

ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் பின்னாளில் வேறு மையில் எழுதிய சிறு குறிப்பைப் பலர் பார்ப்பதே இல்லை. 1908க்குப் பிறகு ஒருவர் எந்தக் கோயிலில் திருமணம் செய்தாலும் அதை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அறிவித்து, அங்கே குறிக்கவேண்டும் என்றாயிற்று. ஊரைவிட்டுப் போய்க் கொழும்பிலோ மன்னாரிலோ கலியாணம் கட்டியவரை அந்த ஒரு வரி காட்டிக்கொடுக்கும்.

திருமணப் பதிவில் 'இரண்டாம் படி இரத்த உறவில் விலக்கு' (நெருங்கிய உறவில் கட்டத் திருச்சபை கொடுத்த அனுமதி) என்ற பொருளில் ஓர் இலத்தீன் வரி இருந்தால் அங்கே நில்லுங்கள். மச்சானும் மச்சாளும் கட்டியிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். திருச்சபையின் பழைய கணக்கில் இரண்டாம் படி என்றால் இருவருக்கும் பாட்டன் பாட்டி பொது. மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி பொது. என் அம்மம்மாவின் பெற்றோருடைய பதிவில் அந்த வரியைக் கண்ட அன்றுதான், தனித்தனியாக எழுதி வைத்திருந்த இரண்டு குடும்பப் பக்கங்கள் ஒன்றே என்று தெரிந்தது. ஐந்து சொல்லில் ஒரு முழுத் தலைமுறை கிடைத்தது.

9. இறப்பு இடாப்பும் சேமக்காலையும்

இறப்புப் பதிவில் உள்ள வயதை நம்பாதீர்கள். அழுதுகொண்டு வந்த யாரோ ஒருவர் மட்டாகச் சொன்ன கணக்கு அது. 60, 70, 80 என்று முழு எண்கள் அதிகம் வருவதே அதற்குச் சாட்சி. யாருடைய மனைவி, யாருடைய மகன் என்பதை மட்டும் எடுங்கள்.

சேமக்காலைக்குக் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். தேய்ந்த எழுத்து அப்போதுதான் நிழலில் தெரியும். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள். கல் கெட்டுவிடும். பக்கத்துக் கல்லறைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். உறவுக்காரர் அருகருகே கிடப்பார்கள்.

10. அரசுப் பதிவோடு ஒட்டிப் பார்ப்பது

1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிறப்பு, இறப்பு அரசுப் பதிவு இங்கே ஒழுங்குபட்டது. அதற்கு இந்தப் பக்கம் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் பிரதேச செயலகத்திலோ மாவட்டச் செயலகத்திலோ சான்றிதழின் பிரதி கேட்டுப் பாருங்கள். கோயில் திகதியும் அரசுத் திகதியும் சில நாள் வேறுபடலாம். பெற்றோர் பெயரும் ஊரும் ஒத்தால் போதும். மேலே சொன்ன உருவ மாற்றம் இல்லாமல் பெற்றோர் பெயரே வேறாக இருந்தால் நீங்கள் வேறு ஆளைப் பிடித்திருக்கக்கூடும்.

11. இடாப்பே இல்லாவிட்டால்

போர், கறையான், மழை என்று பலதும் போய்விட்டன. ஆனாலும் "எல்லாம் எரிஞ்சுபோச்சு" என்ற ஒரு பதிலோடு திரும்பாதீர்கள். இடம்பெயர்ந்தபோது சில இடாப்புகளைக் குருக்கள் தூக்கிக்கொண்டு போய் வேறு பங்கில் வைத்தார்கள். அயல் பங்கிலும் ஆயர் இல்லத்திலும் கேளுங்கள். குடும்ப இடாப்பு என்று வீடுவாரியாக எழுதிய தனிப் புத்தகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மிஷன் சபைகளுக்கு வெளிநாட்டிலும் தாள்கள் உண்டு. அமெரிக்க மிஷனின் தலைமைச் சங்கத்து ஆவணங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்திலும், சுண்டிக்குளி, நல்லூர்ப் பக்கம் வேலை செய்த சர்ச் மிஷனரிச் சங்கத்தின் ஆவணங்கள் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. அவற்றில் கடிதங்களும் அறிக்கைகளும்தான் அதிகம். ஞானஸ்நானப் பதிவை அங்கே எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஆள் உபதேசியாராகவோ ஆசிரியராகவோ இருந்திருந்தால் பெயர் அகப்படும்.

அண்மைத் தலைமுறைக்கு இன்னொரு வழி. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் சனம் கிட்டத்தட்ட முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தது. பலர் அங்கிருந்து வன்னிக்குப் போனார்கள். அந்த மாதங்களில் பிறந்த பிள்ளைகளின் பதிவு சொந்தப் பங்கில் இராது. போய்த் தங்கிய இடத்துக் கோயிலில் இருக்கும். என் மைத்துனரின் மகளுக்கு இப்படித்தான் தேடினோம். மூன்று பங்குகளில் இல்லை. கடைசியில் அவள் தாய், "சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கேக்க, ஒரு சுவாமி வந்து ஒரே நாளில கனபேருக்கு ஞானஸ்நானம் குடுத்தவர்" என்று சொன்னாள். அந்தப் பக்கத்துப் பங்கு இடாப்பில், ஒரே திகதியின் கீழ், ஒரே கையெழுத்தில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பெற்றோரின் ஊர் என்ற இடத்தில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு ஊர். அவள் பெயர் ஏழாவது.